ஒரு காது பெரிய வண்டி

எங்கள் குடும்பத்தின் பெரிய முடிவுகள் எல்லாம் மணிக்கு நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் எடுக்கப்பட்டவை. வாடகை வீட்டை மாற்றியது, மகளை வெளியூர்க் கல்லூரியில் சேர்த்தது, நான் மீசையை எடுத்தது, எடுத்தது தப்பு என்று மறுபடி வளர்த்தது, எல்லாமே என் மோட்டார் சைக்கிளின் பின் சீட்டிலிருந்து என் மனைவி சொல்ல, முன் சீட்டிலிருந்து நான் “ம்” போட, அப்படியே நிறைவேறியவை.

வீட்டில் பேச முடியாதா என்றால், முடியாது. வீட்டில் ஆளுக்கொரு சத்தம். அவளுக்குத் தையல் மெஷின், எனக்கு டிவி. வண்டியில் ஏறினால்தான் இரண்டு பேருக்கும் வேறு வேலை இல்லை. காலையில் இருபத்தைந்து நிமிடம் ஓட்டி அவளை அவளுடைய தையல் கடையில் இறக்கிவிடுவேன். புதுத் துணி தைக்கிற கடை இல்லை. பெருத்தவர்களுக்குப் பிரித்துத் தைப்பதும் இளைத்தவர்களுக்குப் பிடித்துத் தைப்பதும்தான் தொழில். இளைத்தவர்கள் இதுவரை மூன்று பேர் வந்திருப்பார்கள். அங்கிருந்து நான் என் பட்டறைக்குப் போவேன். சாயங்காலம் அதே வழியில் இன்னொரு இருபத்தைந்து நிமிடம். பத்தொன்பது வருஷமாக இதுதான் நடைமுறை.

இதில் ஒரு உண்மையை ஒத்துக்கொள்ள வேண்டும். காற்று இரைச்சலில் அவள் சொல்வதில் பாதிதான் எனக்குக் கேட்கும். கேட்காத பாதிக்கும் சேர்த்துத்தான் அந்த “ம்”. அதிலும் தண்ணீர்த் தொட்டித் திருப்பத்தில் எதிர்காற்று கன்னத்தில் அறையும். சரியாக அங்கே வந்ததும் தினமும் அவள் என்னவோ சொல்வாள். நான் “ம்” என்பேன். பின்னாலிருந்து ஒரு பெருமூச்சு வரும். அது மட்டும் என் கழுத்தில் சூடாகத் தெரியும். என்மேல் பாசம் என்று நினைத்துக்கொள்வேன்.

போன வருஷம் அவளுடைய இடது காதில் ஓர் ஆபரேஷன். சவ்வில் ஓட்டை, அடைத்துத் தைத்தார்கள். “எவ்வளவு நேர்த்தியா ஒட்டுப் போட்டிருக்காரு பாருங்க, தையலே தெரியல” என்று தொழில்முறையில் டாக்டரைப் பாராட்டினாள். காது நன்றாகத்தான் ஆறியது. ஆனால் காற்று ஆகவில்லை. வண்டியில் ஏறிப் பத்து நிமிடத்தில் காதுக்குள் குடைச்சல் எடுத்து, கடை போய்ச் சேர்வதற்குள் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். ஹெல்மெட் இறுக்கமாக இருந்தால் தழும்பை அழுத்தியது. பெரிய அளவில் ஒன்று வாங்கினோம். அதற்குள் கீழ்வழியாகக் காற்று புகுந்து, தகர டப்பாவுக்குள் தலையை விட்டு வெளியிலிருந்து யாரோ தட்டுகிற மாதிரி இருக்கிறது என்றாள். “காத்து நேரா அடிக்காம பாத்துக்குங்க” என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவர் சுலபமாகச் சொல்லிவிட்டார். காற்று என் பேச்சைக் கேட்குமா?

ஹெல்மெட் பீரோ மேல் போயிற்று. என் மனைவி பஸ்ஸில் போக ஆரம்பித்தாள்.

அந்த பஸ்ஸின் டிரைவர் அவள் தம்பி. எனக்கு மைத்துனன். அவன் சீட்டுக்குப் பின்னாலேயே அக்காவுக்கு ஜன்னலோர இடம் பிடித்து வைத்தான். தினமும் காலையில் என் வண்டியைத் தாண்டும்போது ஹாரன் அடித்து, “மாமா, சவாரி குறைஞ்சுபோச்சா?” என்று மேலேயிருந்து கத்துவான். ஜன்னலில் அவள் முகம் போகும். ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டு போகும். என்னிடம் சொல்லவேண்டியது எல்லாம் இப்போது அவனிடம் போகிறது. அவனும் “ம்” போடுவானாக இருக்கும். என் “ம்” அளவுக்கு வருமா?

வீட்டில் பேச்சு சுருங்கிவிட்டது. “சாப்பாடு எடுத்து வெச்சிருக்கேன்.” “சரி.” “கேஸ் தீர்ந்துடுச்சு.” “சரி.” சண்டை ஒன்றும் இல்லை. சண்டை போடுவதற்காவது நாலு வார்த்தை வேண்டுமே. பின் சீட் காலியாக ஓட்டும்போது, சும்மா இருக்க முடியாமல் நானே சில சமயம் “ம்” என்று போட்டுக்கொள்வேன். சிக்னலில் பக்கத்தில் நின்றவர் ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

அப்போதுதான் ஒரு யோசனை வந்தது. நெடுந்தூரம் போகிற பெரிய பைக்குகளுக்கு முன்பக்கம் ஒரு கூடு மாட்டியிருப்பார்கள். ஃபேரிங் என்பார்கள். மேலே ஒளி ஊடுருவும் தடுப்பு, கீழே வளைந்த உடம்பு. காற்றைப் பிளந்து இரண்டு பக்கமும் அனுப்பிவிடும். என் பழைய வண்டிக்கு அப்படி ஒன்று கடையில் கிடைக்காது. கிடைக்காவிட்டால் என்ன? நான் செய்கிற வேலையே அதுதானே.

எங்கள் பட்டறையில் துணிக்கடைப் பொம்மைகள் செய்கிறோம். ஃபைபர் என்கிற கண்ணாடி இழையை அச்சில் விரித்து, பிசின் பூசி, காய்ந்ததும் உரித்தெடுத்தால் அரைப் பெண். பின்பக்கத்தையும் அப்படிச் செய்து ஒட்டினால் முழுப் பெண். இருபத்திரண்டு வருஷத்தில் ஓர் ஊருக்கே ஆள் செய்திருக்கிறேன். ஒரு வண்டிக்கு மூஞ்சி செய்ய மாட்டேனா?

செய்தேன். கம்பியால் சட்டம், அதன்மேல் அட்டை, அட்டைமேல் களிமண், களிமண்ணிலிருந்து அச்சு, அச்சிலிருந்து கூடு. மூன்று ஞாயிற்றுக்கிழமை. வண்டியில் மாட்டி வீட்டுக்கு எதிரே நிறுத்தி அவளைக் கூப்பிட்டேன். பார்க்க ராஜா மாதிரி இருந்தது. ஏறி உட்கார்ந்து, தெருவில் ஒரு வட்டம் அடித்துக் காட்டலாம் என்று ஹேண்டிலைத் திருப்பினேன். திரும்பவில்லை. ஹேண்டிலின் இரண்டு முனையும் கூட்டில் முட்டிக்கொண்டு நின்றன. ஹேண்டில் திரும்புவதற்கு இடம் விடவேண்டும் என்பது அந்தக் கணம் வரை எனக்குத் தோன்றவே இல்லை. எங்கள் பொம்மைகள் எதுவும் திரும்பாது. அந்தப் பழக்கம்.

இடுப்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். “நேரா மட்டும் போற வண்டியா?”

“கொஞ்சம் அரைச்சு எடுத்தா சரியாயிடும்.”

“எங்கயாவது வளைவு வந்தா இறங்கித் தூக்கித் திருப்பி வெக்கணுமா?”

“அட, கொஞ்சம் அரைச்சா போதும்ங்கிறேன்.”

சிரித்தாள். ஆனால் அடுத்துச் சொன்னதைத்தான் சகிக்க முடியவில்லை. என் தோளில் தட்டி, ரொம்ப அன்பாக, “விடுங்க. எதுக்கு இவ்வளவு கஷ்டம்? எனக்கு பஸ்ஸே வசதியா இருக்கு” என்றாள்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். வசதியாக இருக்கிறதாம்!

அன்றைக்கு முடிவு செய்தேன். இனி அவளிடம் மூச்சுவிடக் கூடாது. எல்லாம் முடித்து, சோதித்து, காற்றின் வாலை ஒட்ட நறுக்கிவிட்டுத்தான் அவள் முன்னால் கொண்டுபோய் நிறுத்த வேண்டும்.

கூட்டை அரைத்து அகலமாக்கினேன். மேலே ஒளி ஊடுருவும் தடுப்பைச் சூடு காட்டி வளைத்து மாட்டினேன். காற்று எங்கே எப்படிப் போகிறது என்று பார்க்க ஒரு வழி உண்டு. சின்னச் சின்ன நூல்களை அங்கங்கே ஒட்டிவிட்டு ஓட்ட வேண்டும். நூல் துடித்தால் அங்கே காற்று, தொங்கினால் அமைதி. எங்கள் பட்டறையில் நூலைவிட விக் முடி தாராளமாகக் கிடைக்கும். ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை விக் முடியைக் கற்றை கற்றையாக ஒட்டினேன்.

“அண்ணே, வண்டிக்குத் தாடி முளைச்சிருக்கு” என்றான் புருவம்.

புருவம் என்பவன் எங்கள் பட்டறையில் பொம்மைகளுக்குக் கண்ணும் புருவமும் எழுதுகிறவன். உண்மையான பெயர் சம்பளப் பட்டியலில் இருக்கலாம். எல்லாப் பொம்மைக்கும் ஒரே மாதிரி, கொஞ்சம் கேள்வி கேட்பது போல ஒரு புருவம் போடுவான்.

ஓட்டிப் பார்த்தேன். என் முகத்துக்கு நேரே ஒரு முடி அசையவில்லை. ஐம்பதில் போகும்போது ஒரு கொசு வந்து என் மூக்கின்மேல் நிதானமாக உட்கார்ந்தது. ஆனந்தத்தில் அதை அடிக்கக்கூட மனம் வரவில்லை.

சரி, எனக்கு ஆயிற்று. பின்னால் இருப்பவருக்கு? யாராவது உட்கார்ந்து பார்த்துச் சொல்ல வேண்டும். புருவத்தைக் கேட்டேன்.

“வேண்டாம்ணே. வீட்ல பொண்ணு பாத்துக்கிட்டிருக்காங்க. உங்க இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு நான் ஊரைச் சுத்தினா யாரு குடுப்பா?”

“அப்போ என்னடா பண்றது?”

சுற்றிலும் கை காட்டினான். “இத்தனை பேரு சும்மா நிக்கிறாங்களே!”

நின்றார்கள். முப்பது, முப்பத்தைந்து பெண்கள், வேலைவெட்டி இல்லாமல்.

இரண்டு பொம்மைகளைச் சேர்த்து ஒருத்தியாக்கினோம். கீழ்ப்பாதி ஒரு சைக்கிள் கடைக்காகச் செய்தது. கால் இரண்டு பக்கமும் போட்டு உட்காரும். முழங்காலில் விரிசல் விழுந்ததால் கடைக்குப் போகவில்லை. மேல்பாதி ஒரு பெரிய ஜவுளிக்கடைக்கானது. எதிர்வீட்டுக்காரியோடு சண்டை போட்டு ஜெயித்தவள் மாதிரி கழுத்தை நிமிர்த்திக்கொண்டிருக்கும். இரண்டையும் இடுப்பில் பூட்டினோம். பின் சீட்டில் ஏற்றி, என் இடுப்பையும் அவள் இடுப்பையும் ஒரே பெல்ட்டால் கட்டினோம். சோதனை ஒழுங்காக நடக்க வேண்டும் என்று பீரோ மேலிருந்து மனைவியின் ஹெல்மெட்டைக் கொண்டுவந்து மாட்டினேன். கழுத்தில் துணி ஒன்று வேண்டும், கண்ணாடியில் பார்த்தால் அது படபடக்கிறதா என்று தெரியும். கொடியில் காய்ந்த மனைவியின் நீலத் துப்பட்டாவையே எடுத்து வந்திருந்தேன். நல்ல எண்ணத்தில் செய்ததுதான். குற்றவாளிகள் எல்லோரும் சொல்வதும் இதைத்தான்.

ஒரு வாரம் மதிய வேளையில் நானும் அந்தப் பொம்மைப் பெண்ணும் ஊரைச் சுற்றினோம். தடுப்பை இரண்டு விரல் உயர்த்தினேன். துப்பட்டா கொஞ்சம் அடங்கியது. சாய்வை மாற்றினேன், இன்னும் அடங்கியது. ஐந்தாம் நாள் துப்பட்டா தூங்குகிற குழந்தை மாதிரி அவள் மார்பில் கிடந்தது. எனக்கு ஒரே குஷி. பழக்கதோஷத்தில் அவளிடம் பேசவே ஆரம்பித்துவிட்டேன். “பாரு, காத்தே இல்ல பாத்தியா? முன்னாடி ஒரு பள்ளம் வருது, நல்லாப் பிடிச்சுக்கோ.” அவள் ஒரு கையை இடுப்பில் வைத்திருந்தாள், மற்றதை நீட்டியிருந்தாள். பிடித்துக்கொள்ளவில்லை. இருந்தாலும் பேச்சைக் குறுக்கே வெட்டாமல் கேட்டாள்.

பெரிய சிக்னலில் நின்றோம். பள்ளத்தில் குலுங்கியதில் அவள் ஹெல்மெட் கோணிக்கொண்டிருந்தது. திரும்பி, இரண்டு கையாலும் மெல்ல நேராக்கி, துப்பட்டாவையும் இழுத்துச் சரிசெய்தேன்.

அப்போது பக்கத்தில் ஒரு ஹாரன். பழக்கமான ஹாரன்.

அன்றைக்கு மனைவியின் கடைத் தெருவில் கரண்ட் இல்லையாம். மதியமே கடையைச் சாத்திவிட்டு பஸ் ஏறியிருக்கிறாள். நான் நிமிர்ந்து பார்த்தபோது மேலே டிரைவர் சீட்டில் என் மைத்துனன் வாயைத் திறந்தபடி இருந்தான். அவனுக்குப் பின்னால் ஜன்னலில் அவள். அவளுக்குப் பின்னால் ஒவ்வொரு ஜன்னலிலும் இரண்டிரண்டு தலை.

“அக்கா, அது உன் துப்பட்டாதானே?” என்று அவன் கேட்டது தெருவுக்கே கேட்டது.

பஸ் கதவு திறந்தது. இறங்கி வந்தாள். நான் ஓடிவிடலாம் என்றால் பெல்ட் கட்டியிருக்கிறது. ஓடினாலும் இருவருமாகத்தான் ஓட வேண்டும்.

நேராகப் பின் சீட்டுக்கு வந்தாள். ஹெல்மெட்டின் கண்ணாடியைத் தூக்கினாள். உள்ளே இரண்டு பெரிய கண்கள் அவளை வெறித்தன. அவற்றுக்கு மேலே புருவம் இன்னும் எழுதவில்லை. ஆள்காட்டி விரலை மடக்கிக் கன்னத்தில் தட்டினாள். டொக், டொக்.

“யாரு இது?”

“நீ.”

“நானா?”

“உனக்குப் பதிலா... அதாவது உன் இடத்துல... சோதிக்கிறதுக்கு...”

பஸ்ஸில் யாரோ “சத்தமா சொல்லுங்க, பின்னாடி கேக்கல” என்றார்கள்.

விளக்கு பச்சையாகிவிட்டது. மைத்துனன் எட்டிப் பார்த்தான். “மாமா, குடும்ப விஷயத்தை முடிச்சிட்டு ஒரு வார்த்தை சொல்லுங்க. நான் நாப்பது பேரை வெச்சுக்கிட்டு நிக்கிறேன்.”

“நீ போடா” என்றாள் அவள். அவன் போக மனமில்லாமல் போனான்.

வண்டியை ஓரமாகத் தள்ளி நிறுத்தி எல்லாவற்றையும் சொன்னேன். காது, காற்று, விக் முடி, கொசு, எல்லாம். துப்பட்டா அசையாமல் கிடந்ததையும் சொன்னேன். பாதியிலேயே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மறைக்க வாயைப் பொத்தினாள், தோள் குலுங்கியது. பிறகு பொம்மையைச் சுற்றி ஒருமுறை நடந்தாள், தைத்துக் கொடுக்கவேண்டிய ஆளைப் பார்ப்பது போல.

“இந்த இடுப்பு எனக்குக் கல்யாணத்தன்னைக்கே இல்லையே.”

“இடுப்பு முக்கியமில்ல. உயரம் சரியாத்தான் இருக்கு. இஞ்சு டேப் வெச்சுப் பாத்தேன்.”

“சரி, நான் ஒரே ஒரு தடவை உக்காந்து வர்றேன். இங்கேயிருந்து உங்க பட்டறைக்கு. காது வலிச்சுதுன்னா இதோட விட்டுடணும். அப்புறம் நான் பஸ், நீங்க இவகூட.”

பொம்மையை அவிழ்த்து, இரண்டாகக் கழற்றி, பக்கத்துப் பெட்டிக்கடைக்காரரிடம் ஒப்படைத்தேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்பதற்கு எதில் ஆரம்பிப்பது என்று அவருக்குத் தெரியவில்லை போலிருக்கிறது.

ஹெல்மெட்டை அவளே மாட்டிக்கொள்ள, கிளம்பினோம். முதல் இரண்டு நிமிடம் சொர்க்கம். அப்புறம் அவள், “ஏங்க...” என்று எதையோ ஆரம்பித்தாள். உடனே “ஸ்...” என்றாள். கண்ணாடியில் பார்த்தேன். ஹெல்மெட்டோடு சேர்த்துக் காதைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

பட்டறைக்குள் வந்து வண்டியை நிறுத்தினேன். ஒரு பள்ளம் வந்தால் இறங்கிவிடலாம் போல இருந்தது. புருவம் கையில் தூரிகையோடு எங்களைப் பார்த்தான். என் மூஞ்சியைப் பார்த்ததும் மறுபடி பொம்மைப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அவள் ஹெல்மெட்டைக் கழற்றி ஓரமாக வைத்தாள். பைக்குள் கைவிட்டு, எப்போதும் வைத்திருக்கும் இஞ்சு டேப்பை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டாள்.

“ஏறி உக்காருங்க” என்றாள்.

“எதுக்கு? வலிச்சாச்சு. முடிஞ்சுபோச்சு.”

“ஏறுங்கன்னா ஏறுங்களேன்.”

ஏறினேன். பின்னால் அவள் ஏறினாள். நிமிர்ந்து உட்கார்ந்தாள், அந்த ஜவுளிக்கடைப் பொம்மை மாதிரி. “இப்படி உக்காந்தா எனக்கு வலிக்கவே இல்ல. நீங்க செஞ்சது நல்லா இருக்கு. முதல் ரெண்டு நிமிஷம் ஒரு காத்து இல்ல.”

“அப்புறம்?”

“அப்புறம் நான் பேச வந்தேன்.”

பேச வந்தாள் என்றால் என்ன? திரும்பிப் பார்க்கப் போனேன். அவசியம் இருக்கவில்லை. அவள் தாடை என் இடது தோளில் வந்து உட்கார்ந்தது. அவளுடைய வலது காது என் காதை ஒட்டி. இடது காது வெளியே, கூட்டின் ஓரத்தைத் தாண்டி, காற்று வழிந்து ஓடுகிற சரியான அந்த இடத்தில்.

“நீங்க பேசாத பொண்டாட்டிக்கு அளவு எடுத்திருக்கீங்க” என்று என் காதுக்குள் சொன்னாள். “என் தலை எங்க இருக்கும்னு இத்தனை வருஷமா உங்களுக்குத் தெரியாதா?”

“நீ பின்னாடி இருப்பேன்னுதான்...”

“உங்க சட்டை எல்லாம் எங்க முதல்ல தேயுது?”

“இடது தோள்ல. பை மாட்டுறேன்ல?”

“பையை நீங்க வலது பக்கம் மாட்டுறீங்க. பத்தொன்பது வருஷமா இடது தோளுக்கு ஒட்டுப் போட்டுக் குடுக்கறது நான். தேய்க்கிறதும் நான்தான்.”

சட்டையின் இடது தோளைத் தடவிப் பார்த்தேன். உள்பக்கம் ஒரு சின்ன ஒட்டு, தையலே தெரியாமல். புருவம் அந்தப் பக்கம் திரும்பி ஒரு பொம்மைக்கு மிக மிக மெதுவாகக் கண் எழுதிக்கொண்டிருந்தான்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் அவள் ராஜ்ஜியம். என்னை வண்டியிலேயே அசையாமல் உட்கார வைத்து அளவெடுத்தாள். என் தோளிலிருந்து கூட்டின் ஓரம் வரை, அவள் காதிலிருந்து தடுப்பின் விளிம்பு வரை. புருவத்தைக் கூப்பிட்டு அவள் இடத்தில் சாயச் சொல்லி, தள்ளி நின்று பார்த்தாள். “அக்கா சொன்னா சரி. ஆனா வெளியில யார்கிட்டயும் சொல்லக்கூடாது” என்று அவன் என் தோளில் தாடையை வைத்தான். பழைய செய்தித்தாளைத் தரையில் விரித்து, கழுத்துப்பட்டி வெட்டுகிற லாவகத்தில் ஒரு துண்டு வெட்டினாள். அதைக் கூட்டின் இடது ஓரத்தில் பிடித்தாள். நடுவில் ஒரு மடிப்புக் கொடுத்துக் குண்டூசி குத்தினாள். தட்டையாக இருந்த காகிதம் சட்டென்று குழிந்து, உள்ளங்கையைக் காதோரம் வைத்த மாதிரி நின்றது.

“இந்த அளவுக்குச் செய்யுங்க.”

“ஒரு பக்கம் மட்டுமா? கோணலா இருக்குமே! வண்டிக்கு ஒரு காது பெரிசா இருக்கிற மாதிரி இருக்கும்.”

“இந்தத் தொழில்ல நான் பாத்ததைச் சொல்லட்டுமா? ரெண்டு தோளும் ஒரே அளவு இருக்கிற ஆள் இன்னும் என் கடைக்கு வரல. பொம்மைங்களுக்குத்தான் ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்கும்.”

பொம்மை செய்கிறவனிடமே இதைச் சொன்னாள். பிசினைக் கலக்கினேன்.

அந்த வாரமே காதைச் செய்து ஒட்டி, தேய்த்து, சாயம் அடித்தோம். ஒட்டின இடம் தெரியாமல் அடிக்கப் புருவம் இரண்டு நாள் எடுத்துக்கொண்டான். கடைசியில் கேட்காமலே விளக்குக்கு மேலே மெல்லிசாக இரண்டு புருவமும் எழுதிவிட்டான். இப்போது என் வண்டி எதிரே வருகிறவர்களையெல்லாம் “அப்படியா?” என்று கேட்டுக்கொண்டு போகிறது. மைத்துனன் வந்து சுற்றிப் பார்த்து, “மாமா, இதுக்கு ஒரு பக்கம் பொன்னுக்கு வீங்கி வந்திருக்கா?” என்றான். அவன் வயிற்றெரிச்சல் அவனுக்கு. ஜன்னலோர சீட் காலியாகப் போகிறதே.

திங்கட்கிழமை காலை. அவள் ஹெல்மெட்டைப் போட்டு, நீலத் துப்பட்டாவைச் சொருகிக்கொண்டு ஏறினாள். நான் பயத்தில் முப்பதிலேயே ஓட்டினேன். ஒரு சைக்கிள் எங்களைத் தாண்டிப் போயிற்று.

“ஏங்க, நடந்தே போயிடலாமா?” என்றாள், இடது தோளிலிருந்து.

நாற்பது. நாற்பத்தைந்து. சோதனைக்காக அவள் பக்கம் மறுபடி ஒட்டியிருந்த விக் முடிகள் மதியத் தூக்கத்தில் இருப்பவை மாதிரி தொங்கின. பத்து நிமிடம் ஆயிற்று. எப்போதும் குடைச்சல் ஆரம்பிக்கிற நேரம். “வலிக்குதா?” என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவள் மகளின் தேர்வைப் பற்றி ஆரம்பித்துவிட்டாள். அங்கிருந்து சமையலறைக் குழாய்க்குப் போனாள். அங்கிருந்து, புது வாடிக்கையாளர் ஒருவர் தன் சட்டை சுருங்கிவிட்டது என்று சாதிப்பதற்கு. எல்லாம் அடக்கமான குரலில், அடுக்களையில் நின்று பேசுவது மாதிரி.

எல்லாம் கேட்டது! ஒவ்வொரு சொல்லும். காற்றை வெட்டினால் அவளுக்கு நல்லது என்று மட்டும்தான் நினைத்தேன். எனக்கும் காது உண்டு என்பதை நான் கணக்கில் எடுக்கவே இல்லை.

தண்ணீர்த் தொட்டித் திருப்பம் வந்தது. எதிர்காற்று வந்து கூட்டில் மோதி, வழிதெரியாமல் இரண்டு பக்கமும் சிதறியது. அவள் தினமும் சொல்வதைச் சொன்னாள்.

“இங்க இடது பக்கம் போனா சீக்கிரம் போயிடலாம்.”

நான் பிரேக் போட்டேன். “என்ன சொன்னே?”

“இந்த இடது பக்கச் சந்து நேரா என் கடைக்குப் பின்னாடி போய் முட்டும். பத்து நிமிஷம் மிச்சம். பத்தொன்பது வருஷமா தினமும் சொல்றேன். நீங்களும் தினமும் ‘ம்’ங்கிறீங்க, நேரா போறீங்க.”

அந்தச் சூடான பெருமூச்சின் அர்த்தம் அப்போது எனக்குப் புரிந்தது. பாசம் என்று நினைத்திருந்தேன்!

“நீ கொஞ்சம் சத்தமா சொல்லியிருக்கலாம்ல?”

“சொன்னேனே. அதுக்கும் ‘ம்’னீங்க.”

ரோஷத்தோடு இடது பக்கம் திரும்பினேன். இந்த முறை ஹேண்டில் நன்றாகவே திரும்பியது. சந்து அருமையான சந்து. பள்ளம் இல்லை, சிக்னல் இல்லை. ஒரு வீட்டு வாசலில் ஒருவர் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். அவரைத் தாண்டி இரண்டு வளைவு. அவ்வளவுதான், அவள் கடையின் பின்பக்கச் சுவர் எதிரே வந்து நின்றது. கடிகாரத்தைப் பார்த்தேன். பதினைந்தே நிமிடம்.

அவள் இறங்கி ஹெல்மெட்டைக் கழற்றினாள். நான் அவள் கண்ணைத்தான் பார்த்தேன். காய்ந்திருந்தது. இடது காதை விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டாள், சாவி பத்திரமாக இருக்கிறதா என்று பார்ப்பது மாதிரி.

“வலி?”

“இல்ல.”

“துளிகூட?”

“இல்லைங்கறேன்ல!” சிரித்தாள். கூட்டின் அந்தப் பெரிய காதை ஒரு தட்டுத் தட்டினாள். ஹெல்மெட்டை என்னிடம் கொடுக்காமல், பின்கதவைத் திறந்து கடைக்குள் கொண்டுபோய், சாயங்காலத்துக்கு வேண்டுமென்று ஆணியில் மாட்டினாள். எனக்கு அதைப் பார்த்தே வயிறு நிறைந்தது.

வண்டியைத் திருப்பினேன். அவள் முன்பக்க ஷட்டரைத் தூக்கப் போனவள், திரும்பி வந்தாள்.

“ஏங்க, நாளைக்குப் பழைய வழியிலேயே போங்க.”

“ஏன்? இதுதானே குறுக்கு வழி? பத்தொன்பது வருஷமா சொன்னியே!”

“சொன்னேன். ஆனா அந்தச் சட்டைக்காரர் கதை பாதியிலயே நின்னுபோச்சு பாருங்க.”

“ம்” என்றேன். இந்த முறை முழுவதும் கேட்டுத்தான் சொன்னேன்.